கண்ணாடி உடையாத கட்டடம்

— இந்த ஒன்பது நான் போட்டது இல்லக்கா.

— எந்த ஒன்பது?

— விரிசல் மேல ஒட்டின கண்ணாடியில தேதி எழுதியிருக்குல்ல, அதுல இருக்கற ஒன்பது. நான் வாலை உள்ள வளைச்சுப் போடுவேன். இது ஆணி அடிச்ச மாதிரி நேரா இறங்குது.

— ஒன்பதுன்னா ஒன்பதுதான். அதுக்குத் தலை எது வால் எதுன்னு பாத்துக்கிட்டா இருப்பாங்க? உள்ள வா, அந்தத் துணி மூட்டையை நகத்திட்டு உக்காரு. மூணு மணி வெயில்ல இப்படி ஓடி வந்திருக்கே, முகமே வெளுத்துக் கிடக்கு.

— உக்கார வரலக்கா.

— உன் வேலைதான் முடிஞ்சுபோச்சே. அறிக்கை குடுத்தாச்சுன்னு போன வாரம் சொன்னியே, இன்ஜினியரம்மா.

— குடுத்தாச்சு. அடுத்த வாரம் எங்க ஃபெல்லோஷிப் முடியுது. பன்னண்டு பேர் பயிற்சி எடுத்தோம், ஆளுக்கொரு தெரு. எந்தக் கட்டடத்தை இடிச்சுக் கட்டணும், எதைப் பழுது பாத்து வெச்சுக்கலாம்னு அவங்கவங்க தெருவைப் பத்தி அதிகாரிங்க குழு முன்னாடி நின்னு சொல்லணும். அதுக்காக உங்க வீட்டுப் படத்தைப் பெரிசு பண்ணிப் பாத்தேன். அப்பதான் இந்த ஒன்பது கண்ணுல பட்டுச்சு.

— எங்க கட்டடத்தை இடிக்க வேணாம்னு எழுதினியே, அது அப்படியேதானே இருக்கு?

— அப்படியேதான் இருக்கு. அஞ்சு மாசமா ஒரு கண்ணாடிகூட உடையல, அதனால கட்டடம் அசையலன்னு எழுதியிருக்கேன். அதான் பயமா இருக்கு. இந்தக் கண்ணாடியை யாருக்கா மாத்தினது?

— தெரிஞ்சு கேக்கறியா, தெரியாம கேக்கறியா?

— தெரியாமதான் கேக்கறேன்.

— ம். தெரியாமன்னா தெரியாமதான். இரு, ஒரு கழுத்துப்பட்டிதான் பாக்கி, தச்சுட்டு வந்துடறேன்.

— மெஷினை நிறுத்துங்கக்கா. கொஞ்ச நேரம். சுவர்ல கை வெச்சுப் பாக்கணும்... நிறுத்திட்டீங்கதானே?

— நிறுத்திட்டேனே. காலைக்கூட எடுத்துட்டேன்.

— அப்புறம் எப்படிக்கா சுவர் அதிருது?

— ஓ, அதுவா. பக்கத்து மனையில பம்பு ஓடுது. புதுசாக் கட்டறதுக்குக் குழி தோண்டறான்ல, கிணத்தைவிட ஆழம். ஊறற தண்ணியை ராப்பகலா இறைச்சுக் கொட்டறான். மண்ணு கலந்து சேறாட்டம் வருது. வாசல்ல ஓடற சாக்கடையே நிறம் மாறிப்போச்சு, பாக்கலையா?

— மண்ணு கலந்தா? எத்தனை நாளா?

— தோண்ட ஆரம்பிச்சு நாலு மாசம். சேறா வர்றது மூணு வாரமா இருக்கும். நாளைக் கணக்கு வெச்சுக்க நான் என்ன உன்னை மாதிரியா.

— என்கிட்ட ஏன் சொல்லல?

— நீ எங்க கேட்டே? வருவே, கண்ணாடியைப் படம் எடுப்பே, ஒரு வாய் தண்ணி குடிப்பே, போயிடுவே. வாய் விட்டு நாலு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

— நான் ஒட்டின கண்ணாடி காகிதம் மாதிரி மெலிசா இருக்கும். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் உடையணும், அதுக்காகத்தான் ஒட்டறது. இது தடிமன். இதைப் பாருங்க, கண்ணாடி உடையல, ஆனா அதைப் பிடிச்சிருந்த பூச்சு சுவரை விட்டு உரிஞ்சு வருது.

— உரிஞ்சா பசை சரியில்லன்னு அர்த்தம். நல்லா ஒட்டாததுக்கெல்லாம் பயப்படுவாங்களா?

— இருங்க, விரிசல் அளக்கற அட்டையை எடுக்கறேன். முதல் நாள் இந்த விரிசல் ரெண்டு மில்லி. இப்ப... ஒரு நிமிஷம்.

— எவ்வளவு?

— அட்டையில பத்து வரைக்கும்தான் கோடு இருக்கு.

— சரி, பத்தா?

— அட்டை பத்தாதுக்கா. என் சுண்டுவிரல் உள்ள போகுது.

— விரலை வெளிய எடு முதல்ல. எடுன்னு சொல்றேன்ல.

— சொல்லுங்கக்கா. நீங்கதானே மாத்தினீங்க?

— ஆமா. நான்தான். என்ன இப்போ? ஜெயில்ல போடப்போறியா?

— எத்தனை தடவை?

— மூணு. முதல் தடவை ஒரு சனிக்கிழமை. ராத்திரி படுக்கப் போனப்ப நல்லாத்தான் இருந்துச்சு, காலையில குறுக்கால ஒரு கீறல். என் மேலேயே கீறின மாதிரி ஆயிடுச்சு. ரெண்டாவது போன மாசம். மூணாவது இந்த வியாழக்கிழமை. அது கீறல் இல்ல, ரெண்டா வெடிச்சுக் கீழ விழுந்து கிடந்துச்சு. பொண்ணு காலுல குத்திடுமோன்னு உக்காந்து பொறுக்கினேன்.

— உடைஞ்சா உடனே எனக்குப் போன் பண்ணுங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்?

— சொன்னே. அதோட இன்னொண்ணும் சொன்னே. முதல் நாள், இதோ இந்த வாசப்படியில நின்னுக்கிட்டு. 'கண்ணாடி உடையாத வரைக்கும் உங்க வீட்டை யாரும் இடிக்க மாட்டாங்க'ன்னு. அதான், உடையாமப் பாத்துக்கிட்டோம்.

— அய்யோ அக்கா.

— அய்யோன்னா? நாங்க வாடகைக்காரங்க. இடிக்கற பட்டியல்ல ஏறிட்டா, ஊருக்கு வெளிய எங்கயோ ஒரு பொட்டல்ல எட்டாவது மாடி குடுப்பாங்க. அதுவும் குடுத்தா. எட்டாவது மாடிக்கு ரவிக்கை தைக்கக் குடுக்க யார் ஏறி வருவா? என் பொழப்பே தெருவைப் பாத்த இந்த ஒத்த வாசல்தான்.

— 'பாத்துக்கிட்டோம்'னு சொன்னீங்களே. வேற யாரெல்லாம்?

— எனக்கு என் சுவரு தெரியும். அடுத்தவங்க சுவரு எனக்கெதுக்கு?

— மூணாவது மாடியில இஸ்திரிக்கார அண்ணன் வீட்டுல ஒண்ணு ஒட்டியிருக்கேன். படிக்கட்டுல நாலு. மொத்தம் பதினெட்டு. அண்ணன் இருக்காரா?

— இதோ எதிர்ல துணி தேச்சுக்கிட்டு நிக்கறாரே. அண்ணே! இங்க கொஞ்சம் வந்துட்டுப் போங்க. பெட்டியைத் துணி மேல வெச்சிட்டு வந்துடாதீங்க.

— என்னம்மா தங்கச்சி... வாங்க மேடம், வணக்கம். நான் ஒண்ணும் பண்ணலையே.

— யாரும் ஒண்ணும் கேக்கலையே அண்ணே, அதுக்குள்ள ஏன் பண்ணலங்கறீங்க?

— இல்ல, மேடம் முகத்தைப் பாத்தா ஏதோ பண்ணின மாதிரி இருக்கு. அதான் முன்கூட்டியே சொல்லிவெச்சேன்.

— அண்ணே, உங்க வீட்டுச் சுவர்ல ஒட்டின கண்ணாடி நல்லா இருக்கா?

— சூப்பரா இருக்கு மேடம். அது உடையவே உடையாது.

— உடையவே உடையாதுன்னா?

— நான் ஒண்ணும் சொல்லல.

— அண்ணே, சொல்லிடுங்க. நான் சொல்லிட்டேன்.

— நீயுமாம்மா? சரி, அப்ப எனக்கென்ன. மேடம், ரெண்டு தடவை கண்ணாடி வாங்கி ஒட்டினேன். ரெண்டும் உடைஞ்சுது. இது கட்டுப்படியாகாதுன்னு, சட்டைப் பெட்டிக்கு மேல வருமே ஒரு மூடி, பளபளன்னு, பிளாஸ்டிக்கு, அதை அளவா வெட்டி ஒட்டிட்டேன். தேதியும் எழுதிட்டேன். என்ன நகர்ந்தாலும் அது உடையாது.

— என்ன நகர்ந்தாலும்.

— ஆமா மேடம். நீங்ககூட ரெண்டு மாசமா அதைத்தான் படம் எடுத்துட்டுப் போறீங்க.

— நான் உத்துப் பாக்கல அண்ணே. பாத்திருக்கணும். உங்களுக்கு யார் சொன்னது, மாத்தலாம்னு?

— வீட்டுல சொன்னா. உடைஞ்சா சத்தம் போடாம மாத்திடணுமாம், பழைய தேதியே எழுதணுமாம். அதான் வழக்கம்னு சொன்னா.

— வழக்கமா? யார் சொன்ன வழக்கம்?

— அதெல்லாம் இப்ப எதுக்கு? அண்ணே, கண்ணாடி எங்க வாங்கினீங்க?

— முக்குக் கடையிலதான். தங்கச்சி, அதுல ஒரு கூத்து. நான் போய் நின்னதும் அவன் அளவே கேக்கல. இவ்வளவுதான் வேணும்னு விரலைக் காட்டறதுக்குள்ள வெட்டி நீட்டறான். எப்படிப்பா தெரியும்னேன். 'உங்க கட்டடத்துக்கு எல்லாரும் இதே அளவுதான் வாங்கறாங்க. நீங்க பதிமூணாவது ஆளு'ன்னான்.

— என்னையும் அளவு கேக்கல.

— அக்கா.

— கேக்கலயே அண்ணே. என்னையும் கேக்கல. ஏற்கெனவே வாங்கினவதானே, அளவு ஞாபகம் இருக்கும்னு நினைச்சேன். பதிமூணு பேரா?

— நான் பதிமூணாவது. எனக்கப்புறம் எத்தனை பேரோ.

— இத்தனை பேர் வாங்கியிருந்தா பதினெட்டும் உடைஞ்சிருக்கு. பதினெட்டும். நான் ஒரு கோணல் கட்டடத்தைப் பாத்து நேரா நிக்குதுன்னு எழுதிக் குடுத்திருக்கேன்.

— கண்ணு, முதல்ல உக்காரு.

— நான் உக்காரக் கூடாதுக்கா. நீங்களும் உக்காரக் கூடாது. அண்ணே, உங்க வீட்டுக் கதவு சாத்த வருதா?

— முன்னாடி வந்துச்சு. ஆசாரியைக் கூப்பிட்டு ரெண்டு தடவை இழைச்சாச்சு. மழை ஈரத்துல மரம் ஊதிடுச்சுன்னார்.

— மழை பெய்ஞ்சு எத்தனை மாசமாச்சு?

— அட, ஆமா. ஆசாரி சொன்னா சரியா இருக்கும்னு விட்டுட்டேன்.

— நான் ஒண்ணு சொல்லட்டுமா? யார்கிட்டயும் சொல்லல. நூல்கண்டு கையை விட்டு விழுந்தா முன்னெல்லாம் காலடியிலதான் கிடக்கும். இப்ப விழுந்தா உருண்டு போய் அந்தச் சுவரைத் தொட்டுட்டுத்தான் நிக்குது. ஒவ்வொரு தடவையும் அதே சுவரு. குழி இருக்கற பக்கம்.

— ஒண்ணைப் போடுங்க.

— வேணாம்.

— போடுங்கக்கா. நான் பாக்கணும்.

— இந்தா... பாத்தியா? போகுது பாரு. நான் தள்ளவே இல்ல.

— வேகமா மேடம். பள்ளத்துல போற மாதிரி போகுதே.

— வெளிய வாங்க. எல்லாரும். இப்பவே. அண்ணே, மேல யார் யார் இருப்பாங்க?

— பகல்ல பாதிப் பேர் வேலைக்குப் போயிருப்பாங்க. ரெண்டாவது மாடியில ரெண்டு வீடு. எங்க வீட்டுல என் சம்சாரம். கால்ல மாவுக்கட்டு மேடம், எழுந்து நிக்க முடியாது.

— நாற்காலியோட தூக்குங்க. ரெண்டு பேரைச் சேத்துக்கங்க. படிக்கட்டுல நடுவுல வராதீங்க, சுவர் ஓரமா... இல்ல, குழி இல்லாத பக்கத்துச் சுவர் ஓரமா வாங்க. சாமான் எதுவும் எடுக்க வேணாம். போற வழியில எல்லாக் கதவையும் தட்டுங்க. ஓடுங்க அண்ணே.

— போறேன், போறேன்.

— அக்கா, நீங்களும் கிளம்புங்க.

— மெஷினு?

— விடுங்க.

— விடறதா? ஊர்த் துணியெல்லாம் இருக்கு. நாளைக்கு ஒருத்திக்கு நிச்சயம், அவ பாவாடை பாதியில நிக்குது.

— உங்க பொண்ணு எத்தனை மணிக்கு ஸ்கூல்ல இருந்து வருவா?

— ...மூணே முக்காலுக்கு. பையைப் போட்டுட்டு நேரா மூணாவது மாடிக்கு, அண்ணன் வீட்டு ஜன்னல்கிட்ட உக்காந்து படிக்கத்தான் ஓடுவா. அய்யோ, மணி என்ன?

— மூணு இருபத்தஞ்சு. வாங்க, கையைக் குடுங்க. இப்படி ரோட்டைத் தாண்டி எதிர் நடைபாதைக்கு வந்துடுங்க. அந்தக் கம்பத்துக்கு அந்தப் பக்கம். இன்னும் தள்ளி. சரி, இங்க நில்லுங்க.

— நீ ஆபீசுக்குச் சொல்ல வேணாமா? போன் கையிலதானே இருக்கு?

— சொல்லணும்.

— அப்ப ஏன் அதையே வெறிச்சுப் பாக்கறே? நம்பர் மறந்துபோச்சா?

— மறக்கலக்கா. எங்களுக்குப் பயிற்சி குடுக்கற ஆலோசகர்கிட்ட சொல்லணும். சொன்னா, என் அறிக்கை தப்புன்னு நானே சொன்னதா ஆகும். இந்தப் பன்னண்டு பேர்ல நாலு பேரைத்தான் வேலைக்கு எடுப்பாங்க. என் பேரு அதுல இருக்குன்னு நேத்துதான் சொன்னார். வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.

— அது சரி. ஆனா மேல ஒருத்தி மாவுக்கட்டோட உக்காந்திருக்கா.

— தெரியும். போடறேன்... சார், நான்தான். இல்ல சார், குழு முன்னாடி பேசறது பத்தி இல்ல. என் தெருவுல மூணாம் நம்பர் கட்டடத்தை உடனே காலி பண்ணணும். ஆமா, இன்னிக்கே, இப்பவே. பக்கத்துக் குழியில பம்பை நிறுத்தச் சொல்லுங்க, மண்ணை இழுத்துட்டுப் போகுது. தீயணைப்பு வண்டியும் வேணும்... ஆமா சார், நான்தான் அசையலன்னு எழுதினேன். அது தப்பு சார். பதினெட்டும் உடைஞ்சிருக்கு. எப்படின்னு அப்புறம் சொல்றேன். சரி சார்... வராங்களாம்.

— திட்டினாரா?

— இல்ல. யாரும் திரும்ப உள்ள போகாமப் பாத்துக்கன்னு மட்டும் சொன்னார்.

— இதோ அண்ணன் வர்றார். தூக்கிட்டு வந்துட்டாங்க. மெதுவா அண்ணே, மெதுவா, படி இருக்கு.

— எல்லாரும் இறங்கியாச்சு மேடம். ரெண்டாவது மாடிக் கிழவர் மட்டும் பல் செட்டை எடுக்காம வரமாட்டேன்னுட்டார், பல்லோட சேத்து இழுத்துட்டு வந்துட்டேன். மேடம், நாங்க இறங்கும்போதே படிக்கட்டுல மணல் கொட்டுது. தலை மேல.

— அண்ணே, பிள்ளைங்க வர்ற வண்டியை முக்கிலயே நிறுத்தணும். போங்க. ஒரு பிள்ளையும் இந்தத் தெருவுக்குள்ள வரக் கூடாது.

— நான் நிறுத்தறேன். வண்டிக்கு முன்னாடி படுத்தாவது நிறுத்தறேன்.

— கண்ணு... அது என்ன சத்தம்? யாரோ சொடக்குப் போடற மாதிரி.

— மேல பாருங்க. மூணாவது மாடி ஜன்னல்.

— தானா உடையுது. யாரும் தொடல, தானா உடையுது. இப்ப அடுத்ததும். பெருமாளே, என் பொண்ணு படிக்கற ஜன்னலு அது.

— இங்கயே நில்லுங்க. என் கையைப் பிடிச்சுக்கங்க.

— பிடிச்சுக்கிட்டேன். நீயும் விட்டுடாதே.

— அக்கா, கொஞ்ச நேரத்துல அவங்க வந்துடுவாங்க. எல்லாரையும் உக்காத்தி வெச்சு கேப்பாங்க. நான் உங்க பேரைச் சொல்ல மாட்டேன், அண்ணன் பேரைச் சொல்ல மாட்டேன். ஆனா இது எங்க ஆரம்பிச்சுதுன்னு எனக்குத் தெரியணும். 'வழக்கம்'னு யார் முதல்ல சொன்னது?

— வேணாம், விடு.

— சொல்லுங்கக்கா.

— அவர் சம்சாரத்துக்கு நான்தான் சொன்னேன். அவ அடுத்த வீட்டுக்குச் சொன்னா. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொல்லிச் சொல்லியே பதினெட்டு சுவருக்கும் போயிடுச்சு. போதுமா?

— உங்களுக்கு யார் சொன்னது?

— யாரும் சொல்லல. பாத்தேன்.

— யாரை?

— ரெண்டாவது மாசம். படிக்கட்டுல, கீழ இருந்து ஏறினா முதல் திருப்பம். நான் மெஷின்ல உக்காந்திருந்தேன், வாசல் பாதி சாத்தியிருந்துச்சு. உன் கண்ணுல நான் படல. நீ செஞ்சதை நான் பாத்தேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் கண்ணு.

— அந்தத் திருப்பத்துல ஒட்டின கண்ணாடியில ஒரு கீறல் விழுந்திருந்துச்சுக்கா. சின்னக் கீறல். பயிற்சியில சொல்லுவாங்க, ஆரம்பத்துல உடைஞ்சா கட்டடம் நகரல, ஒட்டினவங்க கை சரியில்லன்னு அர்த்தம்னு. அந்த வாரம் ஆலோசகர் பாக்க வர்றதா இருந்தார். என் கைதான் சரியில்லன்னு நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். பயந்துபோய் மாத்திட்டேன்.

— நீ பயந்துபோய் மாத்தினேன்னு எங்களுக்கு எங்க தெரியும்? அவ்வளவு படிச்ச பொண்ணு, உடைஞ்சதைப் பையில போட்டுட்டு, புதுசு ஒட்டி, அது மேல பழைய தேதியையே எழுதினே. அதான் முறை போலன்னு நினைச்சு, நாங்களும் அப்படியே செஞ்சோம்.